சத்தம் நல்லாருக்கு... பேச்சுதான் கேக்கல!

போன தீபாவளிக்குப் பெரம்பலூர் போயிருந்தேன். மாமா பையன் புது வீடு கட்டிக் குடிபோன பிறகு வந்த முதல் தீபாவளி. வாசலில் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "அத்தான், மொதல்ல உள்ள வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

சுவரில் 55 இன்ச் டிவி. அதற்கு இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்கு இரண்டு கறுப்புத் தூண்கள். சோபாவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. டிவிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் ஒரு குட்டிப் பெட்டி. மூலையில் பாதி அரிசி மூட்டை சைஸில் ஒரு சப்வூஃபர், அதில் நீல லைட் மினுக் மினுக் என்று எரிகிறது.

"ஹோம் தியேட்டர் அத்தான். 5.1. ஆயிரம் வாட்ஸ்!"

படத்தைப் போட்டான். ஹீரோ ஓர் அடியாளை ஓங்கி அறைந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையல் ரூமில் டம்ளர் ஒன்று உருண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் கொஞ்ச நேரம் புல்லரித்தது.

பத்து நிமிஷம் கழித்துத்தான் கவனித்தேன், மாமாவைக் காணோம். வெளியே வாசல் படியில் தனியாக உட்கார்ந்து, எதிர் வீட்டுப் பையன் புஸ்வாணம் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா, படம் பாக்கலையா?"

"சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. பேச்சுதான் ஒண்ணும் கேக்கல."

மாமாவுக்கு ஊர் அரியலூர். இந்த இரண்டு ஊரையும் 2001-ல் இரண்டு மாவட்டமாகப் பிரித்தார்கள், 2002-ல் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். அப்பாவும் பிள்ளையும் அந்த மாதிரிதான். மாமி போன பிறகு மாமா ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் அங்கே. அரியலூர் பக்கம் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்றைக்கு சிமென்ட் ஆலைகளாக நிற்கிறது. அதில் ஒன்றில், பெயர் வேண்டாம், மாமா இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். பெரிய உருளைக்குள் இரும்புக் குண்டுகள் உருண்டு உருண்டு அரைக்கிற மில்லுக்குப் பக்கத்திலேயே டியூட்டி. காதில் பஞ்சு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. பென்ஷனோடு சேர்ந்து காது மந்தமும் வந்தது.

பையன் இதை வாங்கியதே அவருக்காகத்தான். "அப்பாவுக்கு டிவி சத்தம் பத்தலை அத்தான். அதான் கொஞ்சம் பெருசாவே போட்டுட்டேன்" என்றான். இருபதாயிரம் ரூபாய்க்குப் பக்கம் செலவு. யாருக்காக வாங்கினானோ அவர் வாசல் படியில்!

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. இன்றைக்கு நம் ஊர்களில் விற்கிற ஹோம் தியேட்டர் பெட்டிகளில் ரொம்பப் பேர் சத்தத்தை விற்கிறார்கள், பேச்சை விற்பதில்லை. வாங்குகிற நாமும் பேச்சைக் கேட்டு வாங்குவதில்லை. கடையில் போட்டுக் காட்டுவது என்ன? ஹெலிகாப்டர், குண்டு வெடிப்பு, குத்துப்பாட்டு. இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிற காட்சியைப் போட்டுக் காட்டிய கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அன்று சாயந்திரம் அந்த 'ஆயிரம் வாட்ஸ்' பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் 1000 என்பது கொட்டை எழுத்தில். பக்கத்திலேயே எறும்பு ஊர்கிற மாதிரி பி.எம்.பி.ஓ. என்று நாலு எழுத்து. பின்பக்க ஸ்டிக்கரில், எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 60 வாட்ஸ்.

நான் படித்தது பி.காம். எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, வரவு செலவு தெரியும். 60 ரூபாய் வரவு வைத்துக்கொண்டு 1,000 ரூபாய் செலவு காட்டினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? பின்பக்க எண் சராசரிக் கணக்காக இருக்கலாம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதற்காக இவ்வளவு பெரிய ஓட்டையா? உங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸ்தான் நிஜமான 750, 1000 வாட்ஸ் சரக்கு. அதன் ஒயரையும் இதன் ஒயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புரிந்துவிடும்.

பி.எம்.பி.ஓ. என்றால் கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவாக ஒரு கணம் எட்டக்கூடிய உச்சம் என்று அர்த்தம். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொது விதி கிடையாது. கம்பெனி மனசு வைத்தால் பூஜ்யம் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். கணக்கு. தொடர்ந்து, சிதறாமல் எவ்வளவு தர முடியும் என்பது அது.

அதிலும் ஒரு சூட்சுமம். 50 வாட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். சுமாரான ஸ்பீக்கர்கூட ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 85 டெசிபலைத் தாண்டும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் படம் பார்க்கும்போது பெரும்பாலான நேரம் ஓடுவது ஒன்றிரண்டு வாட்ஸ்தான். ஆகவே ஆயிரம் வாட்ஸ் என்பது பொய் மட்டுமில்லை, தேவையில்லாத பொய்.

அடுத்தது அந்த 5.1. முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, ஆக ஐந்து. புள்ளி ஒன்று என்பது தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர். இதில் சினிமாக்காரர்கள் பேச்சைப் பெரும்பாலும் வைப்பது நடுப் பெட்டியில். ஆறு ஒலிகளையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க உள்ளே டீகோடர் வேண்டும். அதற்கு டிவியிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. அல்லது ஆப்டிகல் ஒயர் வர வேண்டும். மச்சான் வாங்கியதில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டே பின்தான் இருந்தது. அதாவது உள்ளே போவது சாதாரண ஸ்டீரியோ. அதையே ஐந்து பெட்டிக்கும் நகல் எடுத்துப் பரிமாறுகிறது. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே பேச்சு, நூலிழை நேர வித்தியாசத்தில் காதுக்கு வந்தால் என்ன ஆகும்? கல்யாண மண்டபத்தில் மைக்கில் பேசுகிற மாதிரி ஆகும்.

பந்தி ஒன்று, இலை ஐந்து. அதற்குப் பேர் 5.1!

மூன்றாவது, தூண்களுக்குள் இருக்கும் சரக்கு. துணியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளங்கையைவிடச் சின்னதாக ஒரே ஒரு கோன். உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டர் கிடையாது. மிச்சத் தூண் காற்று. அந்தச் சின்ன கோனால் ஆண் குரலின் கனத்தைத் தர முடியாது. அதனால் சப்வூஃபரை மேலே வரைக்கும் வேலை வாங்குகிறார்கள். விளைவு, எல்லா ஆம்பிளைக் குரலும் குடத்துக்குள்ளிருந்து வருகிறது. அந்த சப்வூஃபரையும் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி இன்னும் உப்பிவிடும். மச்சான் மூலையில்தான் வைத்திருந்தான்.

இங்கேதான் மாமாவின் காதுக்கு வருகிறோம். இரைச்சலில் வேலை பார்த்துக் கெட்ட காது எல்லா ஒலிக்கும் ஒரே மாதிரி மந்தமாகாது. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது உயர்ந்த ஒலிகளில்தான் முதலில் அடி விழும். வயசானால் வருகிற மந்தமும் உயர்ந்த ஒலியில்தான் ஆரம்பிக்கும். பேச்சில் உயிரெழுத்துக்கள் கீழே இருக்கின்றன. ச, த, க, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுகிற நுணுக்கம் மேலே இருக்கிறது. கடை, தடை, படை, வடை. பின்பாதி ஒன்றேதான். தலையெழுத்து கேட்கவில்லை என்றால் 'கடையை மூடு' என்பது 'வடையை மூடு' ஆகிவிடும். யாரோ பேசுகிறார்கள் என்று மாமாவுக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அப்படிப்பட்டவருக்குக் கீழ் ஒலியைக் கூட்டிக் கொடுப்பது, பசிக்கிறது என்று வந்தவருக்கு இன்னொரு சொம்பு தண்ணீர் கொடுக்கிற கதை.

மறுநாள் காலையில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். ஒரு காலத்தில் மைக் செட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்து கொடுத்தவர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு, திருச்சியில் டிரான்ஸ்ஃபார்மர் என்று பார்த்துப் பார்த்து வாங்கி வந்து சால்டரிங் பிடித்த தலைமுறை. நம் ஊர்களில் முதல் ஹோம் தியேட்டர்களைச் செய்தவர்கள் இவரைப் போன்றவர்கள்தான். அவரிடம் மாமா கதையைச் சொன்னேன்.

"கோயில் திருவிழா குழாய் ஸ்பீக்கர் அவருக்குக் கேக்குதா சார்?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். கேட்கிறது! 'காணாமல் போன சிறுவன் மேடைக்கு அருகில் இருக்கிறான்' என்பதெல்லாம் மாமாவுக்குத் தெளிவாகக் கேட்கும்.

"அதான் சார் விஷயம். குழாய்ல பாட்டு நல்லாருக்காது. டம்மு டிம்முனு அடி வராது. ஆனா பேச்சுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் தூக்கிக் குடுக்கும். வயக்காட்டுல நிக்கறவனுக்கும் புரியும். நீங்க வாங்கிருக்கறது அதுக்கு நேர் எதிர்."

வாட்ஸ் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "12-0-12, அஞ்சு ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா மொத்தமே 120 வாட்ஸ்தான் உள்ள வரும். அதுல பாதிக்கு மேல கொஞ்சம் ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் சூடாப் போகும். ஸ்டிக்கர்ல என்ன வேணா ஒட்டலாம் சார்."

எத்தனையோ விமர்சனங்கள் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

சரி, குறை சொன்னது போதும். அதே இருபதாயிரத்தில் என்ன செய்திருக்கலாம்? என் கட்சி இது: ஆறு சோப்ளாங்கிகளை வாங்குவதைவிட இரண்டு பலசாலிகளை வாங்குங்கள்.

பட்ஜெட்டில் பாதிக்குக் குறையாமல் இரண்டு நல்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களுக்கு. ஐந்து அல்லது ஆறு இன்ச் கோன், மேலே தனியாக ட்வீட்டர், தட்டினால் 'டொக்' என்று கெட்டியாகச் சொல்கிற மரப்பெட்டி. ஸ்பெசிஃபிகேஷனில் வாட்ஸுக்கு முன்னால் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்ப்ளிஃபையர் வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கியதற்குச் சமம். மூணே மூணு டெசிபல், இலவச வாட்ஸ்!

கால் பங்கு ஆம்ப்ளிஃபையருக்கு. சேனலுக்கு நிஜமான 30, 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம். இப்போது வருகிற டிஜிட்டல் ரகங்கள் டிபன் பாக்ஸ் சைஸில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் பார்த்து எடை போடுகிற பழைய வித்தை செல்லாது. ஆப்டிகல் இன்புட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ என்ற இடத்தில் பி.சி.எம். என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சில டிவிகளில் படம் ஓடும், சத்தம் வராது, நீங்கள் கடைக்காரரைத் திட்டுவீர்கள். இரண்டும் சேர்ந்தே வருகிற பவர்டு ஸ்பீக்கர் ஜோடி கிடைத்தால் இன்னும் சுலபம்.

மிச்சக் கால் பங்கில் ஸ்டாண்டு, ஒயர், முக்கியமாக ஜமுக்காளம். விளையாட்டு இல்லை. நம் புது வீடுகளில் தரை டைல்ஸ், மேலே கான்கிரீட், சுவர் பளபள பெயின்ட். மெய்யெழுத்துக்களின் முதல் எதிரி இந்த எதிரொலிதான். தரையில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கெட்டித் திரைச்சீலை, பின்சுவரில் புத்தக அலமாரி. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் இவை செய்கிற வேலையை எந்த ஆம்ப்ளிஃபையரும் செய்யாது. சந்தேகமாக இருந்தால் காலி ரூமில் ஒரு தடவை கை தட்டுங்கள். 'டங்' என்று வால் நீண்டால், ஸ்பீக்கரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ரூம்.

வைக்கிற விதம்: ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில். இரண்டு ஸ்பீக்கர், நீங்கள், மூன்றும் சேர்ந்தால் சமபக்க முக்கோணம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. சாமி படத்துக்கு மேலே பரணில் வைப்பதற்கு யாரும் பத்தாயிரம் செலவழிக்கத் தேவையில்லை.

சவுண்ட்பார்? மோசமில்லை. ஹெச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வழியாக ஒரே ஒயர், ஒரே ரிமோட். நடு ஸ்பீக்கர் தனியாக இருந்து, 'வாய்ஸ்' பட்டனும் நன்றாக வேலை செய்தால் வயசானவர்கள் இருக்கும் சின்ன வீட்டுக்கு அது நியாயமான வழி. ஆனால் கூரையில் மோதித் திரும்பும் அட்மாஸ் ரகத்துக்கு சமதளமான கூரை வேண்டும். மாமாவின் அரியலூர் வீடு ஓட்டு வீடு. அங்கே அந்தச் சத்தம் எங்கே மோதி எங்கே போகும் என்று சாமிக்குத்தான் தெரியும்.

என் கட்சியின் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஸ்பீக்கரில் பின்னாலிருந்து பாம்பு சீறாது. பூமி அதிராது. ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பேச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்கும். நடுப் பெட்டி என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். காசு வரும்போது ஐந்து சேனல் ரிசீவரும் நடுப் பெட்டியும் வாங்கிக்கொள்ளலாம். இன்று வாங்கிய இரண்டும் அப்போதும் முன்வரிசையில் நிற்கும். பெட்டி செட்டில் ஒன்று கெட்டால் ஆறும் பரணுக்குப் போகும்.

எந்தக் கடைக்குப் போனாலும் உங்கள் படத்தை நீங்களே கொண்டுபோங்கள். நான் சிபாரிசு செய்வது மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. 2002-ல் வந்தது. அதன் ஒலிக்காக ஏ.எஸ். லக்ஷ்மிநாராயணனுக்கும் ஹெச். ஸ்ரீதருக்கும் தேசிய விருது கிடைத்தது. ஸ்ரீதர் 2008-ல் காலமாகிவிட்டார். போர்க்காட்சியை விடுங்கள், எந்தப் பெட்டியும் அதில் பாஸ் ஆகிவிடும். கடைசியில் அந்தக் குழந்தை அம்மாவிடம் கேள்வி கேட்கிற காட்சியைப் போடச் சொல்லுங்கள். வால்யூமைக் கூட்டாமல் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டால், பில் போடச் சொல்லலாம்.

மச்சான் வீட்டுக்கு வருவோம். பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை, பாதி விலைக்கு வேறு ஒருவருக்குக் கை மாறியது. ரிப்பேர் கடைப் பெரியவர் மூலமாகவே பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், ஒரு ஜோடி புக்ஷெல்ஃபும் வந்தன. பேஸ் திருகைக் கொஞ்சம் குறைத்து, ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். கல்யாணத்துக்கு வந்த ஜமுக்காளம் பரணிலிருந்து இறங்கியது.

அதோடு நிற்கவில்லை. மாமாவைத் திருச்சிக்கு அழைத்துப் போய்க் காது டெஸ்டும் எடுக்க வைத்தோம். ஆடியோகிராம் கோடு வலது கோடியில் மலையிலிருந்து விழுகிற மாதிரி விழுந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எந்த ஸ்பீக்கரும் காதுக்கு வைத்தியம் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் போக வேண்டியது எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு இல்லை, காது டாக்டரிடம். ஹியரிங் எய்டு சொல்லியிருக்கிறார்கள். மாமா 'கிழவன்னு சொல்லிருவாங்க' என்று இன்னும் முரண்டு பிடிக்கிறார். அந்தப் பேச்சுவார்த்தை தனியாக நடக்கிறது.

பொங்கலுக்குப் போனபோது மாமா வாசல் படியில் இல்லை. ஹாலில், ஜமுக்காளத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்குப் பார்த்த அதே படம். முழுசாக இரண்டரை மணி நேரம் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இப்ப எல்லாம் நல்லா கேக்குதா மாமா?"

"கேக்குது மாப்ள. ஒரு வார்த்தை விடலை" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "படம் கேக்காம இருந்தப்பவே நல்லாருந்துச்சு."